அம்மாவின் செத்தவீடும் இந்த மலர்ச்சாலையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில், தாய் தகப்பனின் அடக்கத்தை முதல் தடவையாகப் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டி வந்தவர்களுக்கு, பெட்டி முதல் வாகனம் வரை அடக்க ஒழுங்குகளைச் செய்து கொடுக்கும் இந்த மலர்ச்சாலையைத் தயங்காமல் சொல்வேன். வீடியோவை மட்டும் இவர்களிடம் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு அந்த நேரத்தில் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

போனை எடுத்தவர் வயதான ஒருவர். இந்த இடத்தை நடத்துபவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் விலை சொல்லவில்லை, என்ன மாதிரிப் பெட்டி வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லிவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "எந்தப் பங்கு பிள்ளை? பாதரிட்ட கதைச்சிட்டீங்களோ?" பாதர் அப்போது காலைப் பூசையில் நின்றார், இன்னும் கதைக்கவில்லை என்றேன். "அப்ப பூசை முடிய முதல்ல அங்க கதையுங்கோ. நாளும் நேரமும் கோவில்தான் சொல்ல வேணும். நாங்கள் அதுக்கேத்த மாதிரிச் செய்வம்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவர்களைத் தெரிந்தெடுத்தோம். அதற்குச் சற்று முன்னர் என் அத்தான் இன்னொரு இடத்துக்கு எடுத்திருந்தார். அவர்கள் "வெளிநாட்டு ஆக்கள் வர ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வைப்பம், நோட்டீசும் அடிச்சுத் தாறம்" என்று அப்போதே முடிவு சொல்லிவிட்டார்கள்.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். அம்மா குருநகர்க்காரி. புனித யாகப்பர் கோவில்தான் அவருக்கு எல்லாம். 1993 கார்த்திகையில் விமானக் குண்டு விழுந்து அந்தக் கோவில் சிதைந்த நாளையும், திருத்திக் கட்டியதையும் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அப்பா 1996 தொடக்கத்தில், நாங்கள் இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் இருந்தபோது இறந்தார். அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். பெரியவர்களும் அங்கத்தைய பங்கும் சேர்ந்து எப்படியோ அடக்கம் செய்தார்கள். அதனால் என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. தம்பி ரொறன்ரோவில், தங்கச்சி பாரிசில். இங்கே நானும் அத்தானும், அதாவது என் பெரியம்மாவின் மகளுடைய கணவரும்தான்.

அம்மா வியாழக்கிழமை விடியப்புறம், வீட்டில், கட்டிலிலேயே போனார். முந்தின கிழமை பாதர் வந்து நோயில் பூசுதல் கொடுத்து நற்கருணையும் கொடுத்திருந்தார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். தம்பி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் பிடித்து ஏ9 பாதையால் வந்து சேரச் சனி இரவாகிவிடும். அப்படியானால் ஞாயிறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லீவு நாள், சனம் வரும், சொந்தக்காரருக்கும் வசதி.

ஆனால் அது தவக்காலம். தவக்காலத்து ஞாயிற்றில் இரங்கல் திருப்பலி வைக்க முடியாது. எங்கள் பாதர் தன் இஷ்டத்துக்குப் போட்ட சட்டம் இல்லை இது, திருச்சபையின் திருவழிபாட்டு ஒழுங்கே அப்படித்தான். திருவருகைக்காலம் (கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமைகள்), தவக்காலம், பாஸ்காக்காலம் (உயிர்ப்புக்காலம்) ஆகியவற்றின் ஞாயிறுகளிலும், பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையிலும், கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய கடன் திருநாள்களிலும் அடக்கத் திருப்பலி கிடையாது. அடக்கமே செய்யக்கூடாது என்று அர்த்தமில்லை. இறைவார்த்தை வழிபாட்டோடு அடக்கம் செய்துவிட்டு, திருப்பலியை வேறொரு நாளில் ஒப்புக்கொடுக்கலாம். பாதர் இரண்டையும் விளக்கிச் சொல்லி, எது வேண்டும் என்று எங்களையே தீர்மானிக்கச் சொன்னார். அம்மா தினமும் பூசைக்குப் போனவர். அவருடைய உடல் பீடத்துக்கு முன்னால் இல்லாத ஒரு பூசையை நாங்கள் யோசிக்கவே இல்லை. திங்கள் என்று முடிவானது.

இதில் மலர்ச்சாலையின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். பாதரிடம் போவதற்கு முதலே, போனிலேயே அந்தப் பெரியவர் சொன்னார்: "தவக்காலம் நடக்குது, ஞாயிறு பூசை கிடைக்காது. தம்பியிட்ட சொல்லுங்கோ, திரும்பிப் போற டிக்கெட்டை உடன போட வேண்டாம் எண்டு." அவர் சைவக்காரர். நெற்றியில் திருநீறு இருந்தது. எங்கள் ஒழுங்கு அவருக்குத் தெரிந்திருந்ததைவிட, அதை மதித்து எங்களைச் சரியான இடத்துக்கு அனுப்பினாரே, அதுதான் பெரிது. ஒரு நாள் கூடினால் உடலைப் பாதுகாக்கும் செலவு எவ்வளவு கூடும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிட்டார்.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இயற்கையாக நடந்த மரணம் என்றால் முதலில் விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, அறிவித்து அவருடைய அறிக்கையை எடுக்க வேண்டும். அதைக் கொண்டு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அம்மாவின் அடையாள அட்டையும், வைத்தியரின் குறிப்புகளும் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. மலர்ச்சாலையிலிருந்து ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து அத்தானைக் கூட்டிக்கொண்டு போனான். எந்தக் கடதாசியின் பிரதி கோவிலுக்கு, எது தங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் நடந்த மரணம் என்றால் ஒழுங்கு வேறு. திடீர் மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். உங்கள் நிலைமையை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மரணச் சான்றிதழை எடுக்கும்போது பல பிரதிகளாக எடுத்து வையுங்கள். வங்கி, பென்சன், காணி என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது அம்மாவைப் பதப்படுத்தக் கொண்டு போவதுதான். பங்குனி வெயிலில் திங்கள் வரைக்கும் வீட்டில் வைப்பதென்றால் எம்பாம் செய்யாமல் முடியாது, அது விளங்குகிறது. ஆனால் அம்மா எண்பது வயதிலும் முந்தானை கொஞ்சம் விலகினால் கூச்சப்படுகிறவர். முன்பின் தெரியாத ஆண்கள் அவரைத் தொடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் வெட்கமாக இருந்தது. நான் கேட்பதற்கு முதலே அவர் சொன்னார், "எங்களிட்ட ஒரு அம்மா வேலை செய்யிறா. பெண்களை அவதான் பாக்கிறவ. உடுப்புப் போடேக்க நீங்களும் வரலாம்." போனேன். பெரியம்மாவின் மகளும் வந்தா. அந்தப் பெண் அம்மாவின் உடலை ஒரு நிமிடம்கூட மூடாமல் விடவில்லை. ஒரு பக்கத்தைத் துடைக்கும்போது மற்றப் பக்கத்தைத் துணியால் மூடினா. "ஆச்சி, கொஞ்சம் திரும்புங்கோ" என்று அம்மாவோடு கதைத்துக்கொண்டே வேலை செய்தா. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அம்மா தன் பெட்டகத்தில் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வெளிர் நீலச் சேலை, முழுக்கை வைத்த சட்டை, லூர்து மாதாவிலிருந்து தங்கச்சி கொண்டுவந்த செபமாலை, பக்தியாகக் கழுத்தில் போடும் பழைய உத்தரியம். உத்தரியத்தைச் சட்டைக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டா. அம்மா எப்போதும் உள்ளேதான் போடுவார், அப்படியே போட்டோம். செபமாலையைக் கையில் சுற்றும்போது சிலுவை மேலே தெரியும்படி வைத்தா. முகத்துக்குப் பவுடர் கொஞ்சம் கூடிவிட்டது. குறைக்கச் சொன்னதும் முகம் கோணாமல் துடைத்துவிட்டா. பொட்டு எதுவும் வைக்கவில்லை.

நகை விஷயம் முக்கியம். தாலிக்கொடியையும் காப்பையும் தோட்டையும் எங்கள் முன்னாலேயே கழற்றி, ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு பக்கத்தாரும் கையெழுத்து வைத்துத்தான் தந்தார்கள். துக்கத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்று தோன்றும். பிறகு சகோதரங்களுக்குள் ஒரு சொல் வராமல் இருக்க இந்தத் தாள் ஒன்றே போதும்.

பெட்டிக்கு வருவோம். முன் மண்டபத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். விலை குறைந்தவற்றைப் பின்னால் ஒளித்து வைக்கவில்லை. தேக்கில் செய்த பெரிய பெட்டி ஒன்றில் தம்பிக்கு ஆசை. வீடியோ அழைப்பில் பார்த்து அதுதான் வேண்டும் என்றான். அந்தப் பெரியவர் விற்றிருக்கலாம், காசு கனடாவிலிருந்து வரப்போகிறது. ஆனால் அவர் கேட்டது, "புதுக் குழியோ, இல்லாட்டி கட்டின கல்லறையோ?" என்று. கட்டின கல்லறைதான், என் அம்மம்மாவை 1979இல் வைத்த இடம் என்றேன். "அப்ப முதல்ல அகலத்தை அளந்து சொல்லுங்கோ. பழைய கல்லறையள் ஒடுக்கம். இந்தப் பெட்டி தோள்ப் பக்கத்தில இறங்காது." அளந்து பார்த்தோம். உண்மையிலேயே இறங்கியிருக்காது. சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், சனம் சுற்றி நிற்க, பெட்டி பாதியில் சிக்கினால் என்ன செய்வது? அதைவிட விலை குறைந்த, நேர்ப்பக்கம் வைத்த சாதாரணப் பெட்டி ஒன்றை எடுத்தோம். கைபிடி, உள்ளே வைக்கும் வெள்ளைத் துணி, மூடியில் பூட்டும் பாடுபட்ட சிலுவை எல்லாம் அந்த விலைக்குள் அடங்கியது. மூடியிலிருந்த சிலுவையை அடக்கத்துக்கு முன் கழற்றித் தந்தார்கள். இப்போது அது வீட்டுச் செபப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குடும்பக் கல்லறையைத் திறப்பது மலர்ச்சாலையின் வேலை இல்லை என்பதையும் அவரே சொன்னார். பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்து, கடைசியாக யாரை எப்போது வைத்தார்கள் என்று உறுதி செய்து, அனுமதி எடுத்து, சேமக்காலையில் வழமையாக வேலை செய்பவரைப் பிடிக்க வேண்டும். மூடியிருந்த சீமெந்துப் பலகையைக் கிளப்பவே அரை நாள் போனது. இதை இறந்த அன்றே தொடங்குங்கள். மாரி காலம் என்றால் எங்கள் பக்கத்து மணல் நிலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும், அதற்கும் ஒழுங்கு வேண்டும். பங்குனியில் அந்தக் கரைச்சல் எங்களுக்கு இருக்கவில்லை.

எரிப்பதைப் பற்றி ஒரு கதை வந்தது. பாரிசில் தங்கச்சியின் அயலில் அப்படிச் செய்கிறார்களாம். கத்தோலிக்கருக்கு 1963 தொடக்கம் உடலை எரிக்க அனுமதி உண்டு. ஆனால் சாம்பலைக் கடலில் கரைப்பதோ, பிரித்தெடுப்பதோ, வீட்டில் வைத்திருப்பதோ கூடாது, சேமக்காலை போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நீளவில்லை. 2020இல் கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோரையும் எந்தச் சமயம் என்றும் பார்க்காமல் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை போட்டது, 2021 மாசி கடைசியில்தான் அது மாறியது. அந்த மாதங்கள் முழுவதும் அம்மா காய்ச்சலுக்குப் பயப்படவில்லை, எரித்துவிடுவார்கள் என்றுதான் பயந்தார். "என்னை அம்மாவோட மண்ணுக்க வையுங்கோ" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வீட்டு ஒழுங்கில் இவர்கள் குறை வைக்கவில்லை. குத்துவிளக்கு கொண்டுவராமல், உயரமான மெழுகுதிரித் தண்டுகளும், தலைமாட்டில் நிறுத்தும் பெரிய சிலுவையும், தீர்த்தம் வைக்கச் சின்னப் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். கதிரையும் பந்தலும் எங்கள் சனசமூக நிலையத்தில் எடுத்தோம், மலர்ச்சாலையில் எடுக்கத் தேவையில்லை. தேத்தண்ணீர், சாப்பாடு எல்லாம் அயல் வீடுகள் பார்த்தன. குருநகரில் செத்தவீட்டுக்கு அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பின்னேரங்களில் மரியாயின் சேனை அம்மாமார் வந்து செபமாலை சொன்னார்கள். அந்த நேரம் வந்தால் மலர்ச்சாலைப் பெடியன்கள் தாங்களாகவே ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றார்கள்.

நோட்டீசில் ஒரு பிசகு நடந்தது. முதலில் அடித்துக் காட்டியதில், வீட்டிலிருந்து எடுக்கும் நேரத்தைத் திருப்பலி நேரமாகப் போட்டிருந்தார்கள். பாதர் தந்த நேரம் பின்னேரம் மூன்றரை. நோட்டீசில் இரண்டே முக்கால். அத்தான் வாசித்துப் பார்த்ததால் பிடிபட்டது, திருத்தித் தந்தார்கள். உதயன், வலம்புரி பத்திரிகைகளில் போடுவதற்குக் கொடுக்கும் முன், கோவில் பெயர், சேமக்காலை, நேரம் மூன்றையும் ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் கேட்க வேண்டும். மலர்ச்சாலையில் அச்சு வேலை பார்க்கிறவருக்குப் பொறுமை காணாது என்பது என் அபிப்பிராயம். ஊர் முழுக்க ஒட்டுகிற பெரிய பனர் வேண்டாம் என்று சொன்னோம். அதற்குப் பிறகு ஒருவரும் வற்புறுத்தவில்லை.

அஞ்சலி உரைகளை வீட்டிலேயே முடிக்கும்படி பாதர் சொல்லியிருந்தார். கோவிலில் மறையுரைதான், புகழுரை இல்லை. நற்கருணைக்குப் பிறகு குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகச் சில சொற்கள் சொல்லலாம். எங்கள் ஊரில் வீட்டு உரை தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது. வாசிகசாலைத் தலைவர், பாடசாலை, சங்கம், பிறகு கவிதை. மலர்ச்சாலைப் பெரியவர் மைக் பிடிக்கிறவருக்குப் பக்கத்திலேயே நின்றார். நேரம் நெருங்க ஒவ்வொருவரிடமும் காதுக்குள் மெதுவாகச் சொன்னார். யாருக்கும் மனம் நோகவில்லை. வீட்டிலிருந்து சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டோம். மூன்று மணி தாண்டியவுடன் துக்கமணி கேட்கத் தொடங்கியது, நாங்கள் அப்போது கோவில் வீதிக்கு வந்துவிட்டோம்.

பாண்ட் வாத்தியம் எடுக்கவில்லை. தவக்காலம், அம்மாவுக்கும் அது பிடிக்காது. வாகனத்தில் பாட்டுப் போடுவது இவர்களின் வழமை. வேண்டாம், செபம் சொல்லிக்கொண்டு நடக்கப் போகிறோம் என்றதும் நிறுத்திவிட்டார்கள். வாகனமும் நடக்கிறவர்களின் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது.

கோவில் வாசலில் இவர்கள் செய்ததை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதர் தீர்த்தம் தெளித்து உடலை வரவேற்பார். அதன் பிறகு பெட்டிக்கு மேலே வெள்ளைத் துணி விரிப்பார்கள், திருமுழுக்கில் உடுத்திய வெள்ளை உடையின் நினைவாக. மூடியில் மலர்வளையம் இருந்தால் துணி விரிக்க முடியாது. ஒருவரும் சொல்லாமலே இவர்கள் வாசலுக்குச் சற்று முன் வண்டியை நிறுத்தி, எல்லா மலர்வளையத்தையும் எடுத்துவிட்டார்கள். பிறகு பெட்டியைத் திருப்பினார்கள். சாதாரண விசுவாசி என்றால் கால் பீடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூசைக்கு வந்து முழந்தாளில் நின்றால் எந்தப் பக்கம் பார்ப்போமோ அந்தப் பக்கமே முகம். குருவானவர் ஒருவர் இறந்தால் தலை பீடப்பக்கம் இருக்கும், சனத்தைப் பார்த்தபடி. தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் சைவப் பெடியன்கள். ஒருவரும் தடுமாறவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றி வைக்கும் பாஸ்காத் திரிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. பெட்டியை வைத்துவிட்டு, பூசை முடியும் வரை பின் வாங்கில் அமைதியாக இருந்தார்கள். போனை நோண்டவில்லை, வெளியே போய்ச் சிகரெட் பிடிக்கவில்லை.

இப்போது வீடியோ. வர முடியாமல் போன சொந்தங்களுக்காக நேரலை கேட்டோம். தங்கச்சிக்கு விசாச் சிக்கல், அவளால் வரவே முடியவில்லை. அவள் பாரிசில் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் முழுக்க முழுக்க அந்தச் செலவு. மலர்ச்சாலை வெளியிலிருந்து ஒருவரைக் கூலிக்குப் பிடித்து அனுப்பியிருந்தது. படப்பிடிப்பாளர் பீடப்பகுதிக்குள் ஏறக்கூடாது என்று பாதர் முதல் நாளே சொல்லி, நானும் மலர்ச்சாலைக்குச் சொல்லியிருந்தேன். அந்த ஆள் கேட்கவில்லை. வாசகம் நடக்கும்போதே வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு நடுப்பாதையில் நடந்தார். பாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில், எல்லோரும் முழந்தாளில் இருக்க, பீடத்தின் பக்கவாட்டுப் படியில் காலை வைத்தார். கோவில் மூப்பர் போய்க் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. சேமக்காலையில் அடுத்த குடும்பத்தின் கல்லறைக்கு மேலே சப்பாத்தோடு ஏறி நின்று எடுத்தார். அந்தக் குடும்பத்து ஐயா பக்கத்திலேயே நின்றவர், ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய் அவரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். இவ்வளவும் செய்து, பெட்டியை இறக்கி மண் போட முதலே நேரலை அறுந்துவிட்டது. தங்கச்சி கடைசியாகப் பார்த்தது பெட்டி சேமக்காலை வாசலைத் தாண்டி வருவதைத்தான்.

அடுத்த கிழமை நேரில் போய் இதைச் சொன்னேன். பெரியவர் சாட்டுச் சொல்லவில்லை, அந்தப் பகுதிக் காசை வாங்கவும் மறுத்துவிட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பெட்டி தூக்குகிற பெடியனுக்கு இவ்வளவு பழக்கிக் கொடுத்திருக்கும் ஒருவர், தன் பெயரில் வருகிற படப்பிடிப்பாளருக்கும் பழக்க வேண்டும். நேரலை வேண்டுமென்றால், உங்கள் கோவில் இளைஞர் ஒன்றியத்தில் பூசை எடுத்துப் பழகிய ஒரு பிள்ளையைக் கேளுங்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது அசையக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

கல்லறைக்குள் இறக்கியது ஒழுங்காக நடந்தது. பாதர் கல்லறையை ஆசீர்வதித்து, தீர்த்தம் தெளித்து, தூபம் காட்டினார். அளந்த பெட்டி இரண்டு பக்கமும் கை போகிற இடைவெளியோடு இறங்கியது. கயிற்றை விடும்போது பெரியவரே கால்மாட்டில் நின்று கணக்குச் சொன்னார். முதல் பிடி மண்ணைத் தம்பி போட்டான்.

பில் எழுத்தில் வந்தது, ஒவ்வொன்றும் தனி வரியில். தொகையை நான் இங்கே போடவில்லை, பலகை விலையும் வாகனச் செலவும் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் வாயால் சொன்னதற்கும் கடைசியில் எழுதியதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை, கூடின நாளுக்கான காசும் சொன்னபடியே. பூசைக் காணிக்கை, பாடகர் குழு, கல்லறை திறந்தவருக்கான கூலி எதுவும் இதில் சேராது, அவற்றைக் குடும்பமே நேரே கொடுக்க வேண்டும். வசதி இல்லாத வீடுகளுக்குத் தவணை கொடுப்பதும் உண்டு என்று எங்கள் பங்கின் வின்சென்ட் டி போல் சபைக்காரர் ஒருவர் சொன்னார். அந்தச் சபையும் இப்படியான நேரத்தில் உதவும், கேட்க வெட்கப்படாதீர்கள்.

31ஆம் நாள் நினைவுத் திருப்பலிக்கான அட்டையை இவர்களிடம் அடிக்கவில்லை, நோட்டீசில் பட்டது போதும். ஆனால் கல்லறைக்கு மேல் நாட்டிய மரச் சிலுவை இவர்களுடையதுதான். அம்மாவின் பெயரை எப்படி எழுதுவது என்று என் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, அதே எழுத்தில் வர்ணத்தால் எழுதியிருந்தார்கள். கல் பதிக்க அவசரப்பட வேண்டாம், ஒரு மாரி போய் மண் இறுகட்டும் என்று பெரியவர் சொன்னார். பங்கு அலுவலகத்திலும் அதையேதான் சொல்கிறார்கள், தை மாதம் வந்து அனுமதிக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.